மஞ்சள் மண்டியில் வெள்ளைக் கம்பி

தை 21, திங்கள்

பேத்தியின் பல்லுக்குக் கிளிப் போடுவது பற்றிக் கேட்கப் பெருந்துறை ரோட்டில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேத்தி பவதாரணி, மருமகள் தேவிகா, நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. காரில் பின் சீட்டு காலியாக இருந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பேரன் சபரீஷுக்கு வைகாசியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் பாத்தியதை போகாது என்று ஊரறியச் சொல்வது அது. இது தெரியாதவர்கள் இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

பவதாரணி மாட்டேன் என்றுவிட்டாள். ஆயிரம் பேர் முன்னால் இந்தப் பல்லை வைத்துக்கொண்டு உட்கார முடியாதாம். மேல்வரிசை முன்பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். கொஞ்சம்தான்.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் மண்டியில் சாம்பிள் மஞ்சளைப் பரப்புகிற மாதிரி மேசை மேல் நாலு பிளாஸ்டிக் பல்செட்டைப் பரப்பினாள். முதலாவது ஸ்டீல். ஒவ்வொரு பல்லிலும் ஒரு இரும்புப் பொட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கம்பி, பொட்டோடு கம்பியைக் கட்ட ஒரு ரப்பர் வளையம். ஆடு நுழையாமல் இருக்க எங்கள் காட்டில் போட்ட வேலி இதைவிட நேர்த்தி. இரண்டாவது செராமிக். அதே வேலிதான், பொட்டும் வளையமும் பல் நிறத்தில். எட்ட நின்று பார்த்தால் தெரியாதாம். கிட்ட வந்து பேசுகிறவர்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா பேசுவார்கள்? மூன்றாவது பல்லுக்கு உள்பக்கம் ஒட்டுவது. வெளியே ஒன்றும் தெரியாது, நாக்கு புண்ணாகும், கொஞ்ச நாள் பேச்சுக் குழறும். மட்டமான சரக்கை மூட்டைக்கு அடியில் வைக்கிறவன் புத்தி. நாலாவதில் கம்பியே இல்லை. கண்ணாடித்தாள் மாதிரி ஒரு உறை. சாப்பிடும்போது கழற்றி டப்பாவில் வைத்து, சாப்பிட்டதும் மாட்டிக்கொள்ள வேண்டும். பல்லுக்குச் சட்டை. இவ்வளவு தள்ளி நிற்கும் பல்லுக்கு அது தோதுப்படாது என்று டாக்டரே அதை ஓரமாக வைத்தாள். எதைப் போட்டாலும் கல்யாணத்துக்குள் முழுசாகச் சரியாகாது, ஓரளவு உள்ளே போகும் என்றாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "இது பரம்பரையா வர்றதுங்க. பாப்பாவுக்கு யாரோட பல்லு?"

தேவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு நல்லவள்.

"பாட்டி, முந்தானைய எடுங்க, பார்க்கலாம்" என்றாள் டாக்டர்.

முந்தானை முனையை வாயில் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். அங்கே ஏசிக் குளிர் வேறு. பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தை 22

தேவிகாவோடு பேசவில்லை. அவள் இன்னும் கவனிக்கவில்லை.

தை 27, ஞாயிறு

சம்மந்தி சாந்தாமணி கோயமுத்தூரிலிருந்து வந்தாள். தேவிகாவின் அம்மா. நேரில் வாங்க போங்க, இந்த நோட்டில் அது தேவையில்லை. தேவிகாவை என் மகனுக்குக் கட்டுவதற்கு முன் எங்கள் வீடு பார்க்க வந்தபோது, "மாமியார்காரி பல்லு பையனுக்கு வரலையல்ல?" என்று தரகரிடம் கேட்டவள் இவள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றேன். நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறாள். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் எனக்கு மறதி கிடையாது. அன்று அரக்குச் சேலை கட்டியிருந்தாள், காப்பியில் சர்க்கரை போதாது என்றாள்.

வந்து உட்கார்ந்ததும் கிளிப்புக்குத் தீர்ப்புச் சொன்னாள். ஸ்டீல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. உள்பக்கம் போட்டால் பேச்சுக் குழறும், கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் பெண் எப்படிப் பேசுவாள். செராமிக்தான். அவளுடைய அப்பார்ட்மெண்டில் எல்லோர் வீட்டிலும் அதுதான்.

போடுவதென்றால் ஸ்டீலே போடட்டும், உழைக்கும் என்றேன். டாக்டரும் அதைத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க சம்மந்தி. போட்டோல பளிச்சுனு அடிக்கும்" என்றாள்.

பல்லுக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செராமிக் என்று முடிவானது. நான் சோறு வடிக்கப் போனேன்.

மாசி 3, சனி

இடம் வேண்டும் என்று இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. இதற்குப் பேர் படிப்பு.

மாசி 10, சனி

கிளிப் போட்டாகிவிட்டது. டாக்டர் பெரிய பாடம் நடத்தினாள். கடலைமிட்டாய் கூடாது, முறுக்கு கூடாது, கரும்பு கூடவே கூடாது, டீ காப்பி மஞ்சள் எல்லாம் பார்த்துச் சாப்பிட வேண்டும். தேவிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து மெல்ல முடியாமல் அழுதாள் பிள்ளை. அரிசிம்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுக் கொடுத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் அண்ணன் வந்து, உன் வாயில் டவர் கிடைக்கிறதா என்று கேட்டதற்குச் சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். இந்தப் பழக்கத்தை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை.

மாசி 13, செவ்வாய்

வெள்ளைக் கம்பி மஞ்சளாகிவிட்டது.

பொட்டு அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுற்றிப் போட்ட வளையம் எல்லாம் மஞ்சள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று பவதாரணி கத்தின கத்தலில் என் மகன் தங்கராசு மண்டியிலிருந்து ஓடி வந்தான். அவன் கை, வேட்டி, புருவம் எல்லாம் மஞ்சள் பொடி.

டாக்டர் மஞ்சள் என்று சொன்னது வாஸ்தவம். எங்கள் மூன்று பேருக்கும் அது காதில் ஏறவில்லை. வீட்டுக்கு முன்னால் மண்டி, பின்னால் குடோன். புது மஞ்சள் வந்து குவிகிற மாதம், துணி காயப்போட்டால் மஞ்சளாகத்தான் எடுக்கிறோம். இந்த வீட்டில் மஞ்சளை ஒரு சாமான் என்று யார் நினைத்தார்கள்? கோயமுத்தூர் அப்பார்ட்மெண்டில் போடுகிறதை ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கொண்டுவந்து போட்டால் இப்படித்தான்.

சாந்தாமணிக்குப் போன் போனது. உடனே அடுத்த தீர்ப்பு வந்தது. இனி சமையலில் மஞ்சள் போடக் கூடாது.

"அத்தை, கல்யாணம் வரைக்குந்தானுங்க" என்றாள் தேவிகா.

மஞ்சள் போடாமல் பருப்பு வேகிறது எழவு வீட்டில்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டில், அதுவும் மஞ்சளில் சம்பாதித்துச் சாப்பிடுகிற வீட்டில், நான் உயிரோடு இருக்கும்போது அது நடக்காது என்று சொன்னேன். அடுப்படி என்னுடையது.

மாசி 20, செவ்வாய்

பவதாரணி வீட்டில் சாப்பிடுவதில்லை. பாலும் ரொட்டியும். கன்னம் ஒட்டிவிட்டது. என் குழம்பில் ஒரு மாற்றமும் கிடையாது.

மாசி 22, வியாழன்

பருப்பில் மஞ்சள் போட மறந்துவிட்டேன்.

மாசி 23, வெள்ளி

இன்றும் மறந்துவிட்டேன். வயசாகிறது. பவதாரணி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பங்குனி 4, செவ்வாய்

சரக்குப் பார்க்க வந்த சேலத்து வியாபாரி ஒருத்தரைத் தங்கராசு சாப்பிடக் கூட்டி வந்தான். இலையில் வெள்ளைப் பருப்பைப் பார்த்ததும் அந்த மனுஷன் சட்டை மேல்பித்தானைப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா? சொல்லியிருந்தா மாலை வாங்கிட்டு வந்திருப்பேனுங்களே" என்றார்.

தங்கராசு என்னைப் பார்த்தான். நான் தேவிகாவைப் பார்த்தேன். அவள் அம்மா இருக்கும் கோயமுத்தூர் திசையை யார் பார்ப்பது?

பேத்தி பல்லுக்காக என்று நான்தான் சொன்னேன். அவர் பல்லா என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் ரசத்துக்குப் போய்விட்டார்.

பங்குனி 16, ஞாயிறு

மாசம் ஒருமுறை வளையம் மாற்றுவார்கள். மாற்றிக்கொண்டு வந்தாள், வெள்ளை வெளேரென்று. பருப்பில் மஞ்சள் இல்லாவிட்டால் என்ன, காற்றில் இருக்கிறதே. ஒரு வாரத்தில் பழைய கதை.

இன்று சாந்தாமணி வந்து, மெதுவாகப் பேசுகிற மாதிரி எல்லோருக்கும் கேட்கப் பேசினாள். என் வீட்டுக்காரரின் தம்பி பேத்தி தன்யா இருக்கிறாளே, லட்சணமான பெண், பங்காளி வீட்டுப் பிள்ளைதானே, இணைச்சீருக்கு அவள் உட்கார்ந்தால் என்ன? போட்டோ காலத்துக்கும் நிற்கும் இல்லையா? தேவிகா பதில் சொல்லவில்லை. அதுதான் அவளுடைய சம்மதம்.

பவதாரணியே சொன்னாள்: "தன்யாவே உக்காரட்டும். எனக்கு ஒண்ணுமில்லை."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எங்கள் அண்ணன் நாச்சிமுத்து கல்யாணத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்தது என் சித்தப்பா மகள் பாப்பாத்தி. கிளிப்பச்சைப் பட்டு. அண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். பெண் வீட்டார் பெரிய இடம், என் பல்லைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, அம்மா என்னைச் சாமான் அறைக்குக் காவல் வைத்தாள். தேங்காய் மூட்டை, வாழைத்தார், வெல்லம். தேங்காயோடு துருவியையும் வைத்துவிட்டீர்களா என்று ஒரு மாமன் கேட்டு, நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் பேரும் தெரியும். மூன்று பேர் எழவுக்கு நான் போகவில்லை, நாலாமவன் இன்னும் இருக்கிறான். கதவைத் திறந்துவைத்து நின்றேன். அண்ணன் ஒரு தடவையாவது திரும்பி என்னைத் தேடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நடந்ததை எழுதுகிறேன்.

சித்திரை 6, சனி

வளையம் மாற்றுகிற நாள். தேவிகாவுக்குத் தையல்காரரிடம் வேலை. நான் போனேன். காரில் பவதாரணி திடீரென்று கேட்டாள்.

"அப்பத்தா, உங்க அண்ணன் கல்யாணத்துல நீங்க என்ன கலரு சீலை கட்டியிருந்தீங்க?"

"பாப்பாத்தி கிளிப்பச்சை."

"நான் உங்களைக் கேட்டேன்."

"எனக்கு எடுக்கலை கண்ணு."

தங்கராசு உளறியிருப்பான். இந்த வீட்டில் ஒரு விஷயம் தங்காது.

டாக்டர் மேசையில் ஒரு தட்டு நிறைய ரப்பர் வளையம், வளையல் கடை மாதிரி எல்லா நிறத்திலும். ஸ்டீல் கிளிப் போடுகிற பிள்ளைகள் ஆசைப்பட்ட நிறத்தைக் கேட்டு வாங்குவார்களாம். எங்களுக்கு வழக்கம்போல வெள்ளையை எடுத்தாள்.

"எதைப் போட்டாலும் நம்மூட்டுக்கு வந்தா மஞ்சளாத்தான் ஆகும். வெள்ளை எதுக்கு வேஸ்ட்டு" என்றேன். சும்மா சொன்னதுதான்.

பவதாரணி கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். "அப்ப மஞ்சளே போட்ருங்க டாக்டர்."

டாக்டர் கையில் இடுக்கியோடு நின்றுவிட்டாள். "மறைக்கறதுக்குன்னு செராமிக் போட்டுட்டு யாரும் மஞ்சள் கேட்டதில்லைம்மா."

"மறைய மாட்டேங்குதுங்களே" என்றாள் பவதாரணி.

போட்டாகிவிட்டது. நல்ல விராலி மஞ்சள் நிறம், பல்லுக்குப் பல். திரும்பி வரும்போது, இணைச்சீருக்குத் தானே உட்காருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். உனக்கு வாயில்லையா, நீயே சொல் என்றேன். இதில் என் கை எதுவும் இல்லை.

சித்திரை 7, ஞாயிறு

கோயமுத்தூரிலிருந்து போனிலேயே ஒப்பாரி. ஆல்பம் என்னாவது? பெண் வீட்டார் என்ன சொல்வார்கள்? நான் பருப்பில் மஞ்சள் போட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி டப்பாவை மூடினேன்.

சித்திரை 20, சனி

பவதாரணியும் அவள் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தன்யாவுக்கும் பட்டு எடுத்திருக்கிறார்கள். கிளிப்பச்சை இல்லை, ரோஸ்.

வைகாசி 14, புதன்

மண்டபத்துக்கு வந்துவிட்டோம். நாச்சிமுத்து அண்ணனை அவருடைய பேரன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். காது மந்தம், கண் கொஞ்சம் தெரிகிறது. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய்வருவேன், நின்று பேசுவதில்லை. இன்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். இணைச்சீருக்கு யார் என்று கேட்டார். பவதாரணி என்றேன். தன்யா என்றல்லவா கேள்விப்பட்டேன் என்றார். அதுவரைக்கும் போயிருக்கிறது.

பிடித்த கையை விடவில்லை.

"அன்னைக்கு நானு திரும்பிப் பாத்தேன் பாவாத்தா. நீ முந்தானைய மூஞ்சி மேல போட்டுட்டுக் கதவோரமா நின்னுட்டிருந்தே."

"பாத்து என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். ஆற்றிக் கொடுக்கவில்லை.

திரும்பவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். முந்தானைக்குப் பின்னால் நின்றவளுக்கு எதிரில் நடந்தது எப்படித் தெரியும் என்று இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு முகூர்த்தம், அதற்கெல்லாம் நேரமில்லை.

வைகாசி 15, வியாழன்

நான் தாலியில்லாதவள். மணவறைப் பக்கம் போவதில்லை. கீழே முதல் வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பவதாரணி மாம்பழ நிறப் பட்டுடுத்தி மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அழகாக இருந்தாள் என்று எழுதினால் கண்பட்டுவிடும். அந்தப் பக்கம் தூணோரம் ரோஸ் பட்டில் தன்யா, அவளுக்குப் பின்னால் சாந்தாமணி. போட்டோக்காரன் பவதாரணியிடம் வந்து, "சிஸ்டர், வாயை மூடிட்டு லைட்டாச் சிரிங்க" என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு. ஆனால் பிள்ளையின் கை வாய்க்குப் போய்விட்டது. படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

சீர் நடத்துகிற அருமைக்காரர் பெரிய மனுஷர். மேளத்தைக் கையமர்த்திவிட்டு, "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வாங்க" என்று கூப்பிட்டார். சாந்தாமணி தன்யாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். தேவிகா மேலே விளக்கைப் பார்த்தாள். பவதாரணி கூட்டத்துக்குள்ளே பார்த்து, சாமான் அறை இருக்கும் பக்கமாகத் திரும்பினாள். உள்ளே போய் நின்றுகொண்டால் யாரும் தேட மாட்டார்கள். அங்கே போகிற வழி எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன்.

"பொறந்தவ பவதாரணிதானுங்க. ஏறு கண்ணு மேல. கையக் கீழ எடு."

மேளம் நின்றிருந்த நேரம். என் குரல் பந்தி ஹால் வரைக்கும் போயிருக்கும். சீர் நடக்கும்போது என்னைப் போன்றவள் எழுந்து குரல் கொடுப்பது வழக்கமில்லை. அது தெரியும். சாந்தாமணி, "சம்மந்தி, நல்ல காரியத்துல" என்று ஆரம்பித்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சாகும்வரைக்கும் நினைத்துக்கொள்ளலாம். அதற்குள் அருமைக்காரர், "பொறந்தவ இருக்கறப்ப மத்த புள்ளைய எதுக்குத் தள்ளறீங்க, நீ வா சாமி" என்றார்.

பவதாரணி என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள். ஏறினாள்.

தன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கூறைப்புடவையின் முனையைப் பிடித்தாள். சபரீஷ் அவள் காதில் என்னவோ சொன்னான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும், கம்பி, பொட்டு, வளையம் எல்லாம். போட்டோக்காரன் வாயை மூடச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தான்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். வாயில் வைத்திருந்த முந்தானை முனை என் மடியில் கிடந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் மணவறையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து அண்ணனும்தான்.

மின்விசிறிக் காற்று நேராகப் பல்லில் பட்டது. சில்லென்று இருந்தது. சீர் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.